கூரைத் தொட்டியில் சொட்டும் காசு

வீட்டின் பின்புறம், கூரை ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நாம் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. மழை பெய்யாத நாளிலும் அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால், 'கூரை ஓரம் ஏதோ ஈரம்' என்று எண்ணி நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மாதம் முடிந்து தண்ணீர்க் கட்டணச் சீட்டு வந்த பிறகுதான், 'நாம் இவ்வளவு தண்ணீரா புழங்கினோம்?' என்று வீட்டில் பேச்சு எழுகிறது.

அந்தக் குழாய் வீணாக வைக்கப்பட்டதல்ல. கூரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் அளவுக்கு மேல் ஏறிவிட்டது என்று வீட்டுக்காரருக்குச் சேதி சொல்லத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது சொட்டினால், தொட்டியின் உள்ளே ஒரு சின்னக் கருவி பழுதாகிவிட்டது என்று பொருள். அந்தக் கருவிதான் மிதவை வால்வு. அதைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் பெரிய வித்தையல்ல. மிதிவண்டிச் சக்கரத்திற்கு ஒட்டுப் போடத் தெரிந்தவர் எவரும் இதைச் செய்யலாம்.

தோட்டத்துக் குழாயும் தாமான் வீட்டுக் குழாயும்

தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களுக்குத் தண்ணீர்க் கட்டணம் பழக்கமில்லாத ஒன்று. அந்தக் காலத்தில் லயத்துக்கு ஒரு பொதுக் குழாய் இருக்கும். விடியுமுன் வாளிகள் வரிசை பிடிக்கும். பெரட்டுக்குப் போகுமுன் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தாகவேண்டும். தண்ணீர் வராமற்போனால் கிராணியிடமோ மேனேஜரிடமோ போய் முறையிடுவார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட முதலாளி தம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரைப் போதுமான அளவு இலவசமாகத் தரவேண்டும் என்று விதித்தது. ஆகவே குழாய் ஒழுகினாலும் உடைந்தாலும் அது நிர்வாகத்தின் பாடு.

தோட்டங்கள் பல இன்று நகரங்களாகிவிட்டன. சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. கிள்ளானில் புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா ஆயிற்று. அங்கிருந்து வெளியேறிய நம் மக்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோனார்கள். வீட்டுக்குள்ளேயே குழாய் வந்தது. வாளி சுமந்த தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆனால், தண்ணீர் மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வந்த பிறகு, ஒழுகும் ஒவ்வொரு சொட்டும் வீட்டுக்காரர் கணக்கில்தான் ஏறுகிறது. மீட்டருக்கு முன்னால் உள்ள குழாய் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. மீட்டருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் நம் பொறுப்பு. இந்த வேறுபாட்டைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

கிள்ளானில் ஒரு தாமானில் குடியிருக்கும் குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். கணவன் மனைவி இருவரும் பல வருடங்கள் பால்மரம் வெட்டியவர்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போகிறதே என்று ஒரு பிளம்பரை அழைத்தார்கள். அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "தொட்டியையே மாற்றவேண்டும்" என்று பல நூறு வெள்ளி கணக்குச் சொன்னார்.

"அவ்வளவு காசுக்கு எங்கே போவது, ஐயா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

"அக்கா, முதலில் அந்தப் பந்தைக் கழற்றி ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன்.

மகன் ஆட்டிப் பார்த்தான். பந்துக்குள் தண்ணீர் குலுங்கியது. பந்தை மாற்றியதும் ஒழுகல் நின்றது. தொட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

சொட்டு எத்தனை, காசு எத்தனை?

'சிறு துளி பெரு வெள்ளம்' என்பது நம் பழமொழி. அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஒழுகும் குழாயின் கீழே ஒன்றரை லிட்டர் போத்தலை வையுங்கள். அது 10 நிமிடத்தில் நிறைகிறது என்று கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 9 லிட்டர். ஒரு நாளில் 216 லிட்டர். 30 நாளில் 6,480 லிட்டர். ஆயிரம் லிட்டர் ஒரு கன மீட்டர். ஆக, மாதம் ஆறரை கன மீட்டர் தண்ணீர் யாருக்கும் பயனின்றிச் சாக்கடைக்குப் போகிறது.

சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அமைந்திருக்கிறது. 2006 முதல் 2024 ஜனவரி வரை வீடுகளுக்கு முதல் 20 கன மீட்டருக்குத் தலா 57 காசு. 21 முதல் 35 வரை தலா 1 வெள்ளி 3 காசு. அதற்கு மேல் 2 வெள்ளி. 2024 பிப்ரவரியில் முதற்படி 65 காசாக உயர்ந்தது. மற்றப் படிகளும் ஏறின.

பழைய கட்டணத்தையே வைத்துப் பாருங்கள். மாதம் 18 கன மீட்டர் புழங்கும் குடும்பம் 10 வெள்ளி 26 காசு கட்டியது. ஒழுகல் சேர்ந்தால் 24.48 கன மீட்டர் ஆகிறது. அப்போது கட்டணம் 16 வெள்ளிக்குச் சற்று மேல். தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு கூடியது. காசோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. ஒழுகும் தண்ணீர் நம்மை அடுத்த படிக்குத் தள்ளிவிடுவதே காரணம்.

சிலாங்கூர் மாநில அரசு 2008இல் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீரை இலவசமாக்கியது. 2020 மார்ச்சிலிருந்து அது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று ஆயிற்று, விண்ணப்பித்துப் பெறவேண்டும். இச்சலுகை பெறும் குடும்பத்திற்கும் 20 கன மீட்டர் தாண்டினால் கட்டணம் உண்டு. இலவசத் தண்ணீரை மிதவை வால்வு குடித்துவிட்டால், நாம் குடிப்பதற்குக் காசு கொடுக்கவேண்டி வரும்!

மிதவை எப்படி வேலை செய்கிறது?

தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் மேல் ஒரு பந்து மிதப்பதைக் காணலாம். பழைய வீடுகளில் அது செம்பு. புதிய வீடுகளில் பிளாஸ்டிக். பந்திலிருந்து ஒரு நீண்ட கை, தண்ணீர் உள்ளே வரும் வால்வுக்குப் போகிறது. வால்வுக்குள் ஒரு சிறு தண்டு. தண்டின் நுனியில் காசு அளவில் ஒரு ரப்பர் வாஷர்.

தண்ணீர் குறையும்போது பந்து கீழே இறங்குகிறது; தண்டு பின்வாங்குகிறது; தண்ணீர் உள்ளே பாய்கிறது. தண்ணீர் நிறைய நிறையப் பந்து மேலேறுகிறது. வாஷர் போய்த் துவாரத்தை அடைக்கிறது. தண்ணீர் நிற்கிறது. மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம்.

இவ்வளவு சிறிய பந்து குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தை எப்படி அடக்குகிறது? இதுவும் நெம்புகோல் கணக்குத்தான். ஒரு பந்து 1 லிட்டர் நீரை விலக்கினால் ஏறக்குறைய 1 கிலோ எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளுகிறது. கை, அச்சிலிருந்து தண்டு வரை உள்ள தூரத்தைப்போல் 10 மடங்கு நீளமென்றால், வாஷரை அழுத்தும் விசையும் 10 மடங்காகிறது. பாறையைக் கடப்பாரையால் நெம்புவதும் இதே தத்துவந்தான்.

இந்த யோசனை புதிதல்ல. ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த டெசிபியஸ் என்ற அறிஞர், நீர்க் கடிகாரத்தில் தண்ணீரின் மட்டம் மாறாமல் இருக்க மிதவையைப் பயன்படுத்தினார். 1790இல் மெக்சிகோவைச் சேர்ந்த அல்சாத்தே என்ற பாதிரியார், தொட்டி நிறைந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும் மிதவை வால்வைப் பற்றி எழுதினார்.

ஏன் ஒழுகுகிறது?

காரணங்கள் ஐந்து.

முதலாவது, பந்தில் ஓட்டை. தண்ணீர் உள்ளே புகுந்தால் பந்து பாதி மூழ்கி நிற்கும். கழற்றி ஆட்டினால் சத்தம் கேட்கும்.

இரண்டாவது, ரப்பர் வாஷர் தேய்ந்து அல்லது கெட்டிப்பட்டுப் போதல். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் அழுந்தி, நடுவே வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும்.

மூன்றாவது, துவாரத்தில் மண்ணோ துருவோ சிக்குதல். நம் வட்டாரத்தில் இது மிக அதிகம். 1998இல் வறட்சியால் கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளில் நீர் வற்றி, மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2014இலும் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே ஆறு மாசுபட்டதால் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, 1,292 இடங்களில் தண்ணீர் தடைப்பட்டது. தண்ணீர் நின்று மறுபடி வரும்போது குழாய்களில் படிந்த வண்டலையும் துருவையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அந்தத் துகள் ஒன்று வாஷருக்கும் துவாரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் போதும். 'தண்ணீர் தடைப்பட்டு வந்த மறுநாளிலிருந்து சொட்டுகிறது' என்று பலர் சொல்வதன் இரகசியம் இதுவே.

நான்காவது, கை வளைந்துபோதல் அல்லது திருகாணி தளர்தல். அப்போது தண்ணீர் அளவுக்கு மேல் ஏறிய பிறகே வால்வு அடைக்கும்.

ஐந்தாவது, துவாரத்தின் விளிம்பே அரிக்கப்பட்டுவிடுதல். இதற்கு மருந்தில்லை, வால்வையே மாற்றவேண்டும்.

சில வீடுகளில் இரவில் மட்டும் சொட்டும், பகலில் நின்றுவிடும். இது பேய் வேலையல்ல! இரவில் ஊரெல்லாம் உறங்குவதால் குழாயில் அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான வாஷர் பகல் அழுத்தத்தைத் தாங்கும். இரவு அழுத்தத்திற்குத் தோற்றுவிடும்.

முதலில் சோதியுங்கள்

இரவு படுக்குமுன், தொட்டி நிறைந்த பிறகு, எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமல், காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகல் உண்டு.

கூரைக் குழாயில் சொட்டினால் மிதவை வால்வே குற்றவாளி. அங்கே சொட்டாமல் மீட்டர் மட்டும் ஓடினால் கழிவறைத் தொட்டியைப் பாருங்கள். அதில் கொஞ்சம் பலகாரச் சாயத்தைக் கலந்து கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் இழுக்காமலே கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால், தொட்டியின் அடி ரப்பர் கசிகிறது. அங்கும் குறையில்லையென்றால், சுவருக்குள்ளோ மண்ணுக்குள்ளோ குழாய் உடைந்திருக்கலாம். அதற்குத் தேர்ந்த பிளம்பரை அழைப்பதே நல்லது.

மேலே ஏறுமுன் எச்சரிக்கை

கூரைக்குள் ஏறுவது விளையாட்டல்ல. மெல்லிய அட்டைக் கூரைத்தளம் ஆள் எடையைத் தாங்காது. மரச் சட்டத்தின் மேல் மட்டுமே கால் வைக்கவேண்டும். அங்கே மின்கம்பிகளும் ஓடும். ஆகவே மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, கையில் டார்ச் விளக்கோடு ஏறுங்கள். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தனியாக இருக்கும்போதும் மழை நேரத்திலும் ஏறவே வேண்டாம். பழைய வீடுகளில் கல்நார்த் தொட்டிகள் உண்டு. அவற்றைத் துளைக்கவோ ராவவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. அடுக்குமாடியில் மொட்டைமாடிப் பொதுத்தொட்டி நிர்வாகத்தின் பொறுப்பு. அவர்களிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

பழுது பார்க்கும் முறை

தேவையானவை: இரண்டு ஸ்பேனர், ஒரு குறடு, வெள்ளை டேப் ஒரு சுருள், பழைய துணி, புது வாஷர் அல்லது புது வால்வு. கடையில் 'ஃபுளோட் வால்வு' என்று கேளுங்கள். 'போல் வால்வு' என்று மட்டும் சொன்னால், கைப்பிடி வைத்த வேறு வால்வை எடுத்துத் தந்துவிடுவார்கள். வீடுகளில் பெரும்பாலும் அரை அங்குலம் அல்லது முக்கால் அங்குல அளவு இருக்கும். சந்தேகமானால் பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப்போங்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றாலும் கிள்ளான் என்றாலும் கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார்.

வாஷர் மாற்ற: தொட்டிக்குத் தண்ணீர் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். தொட்டி அருகே தனி வால்வு இல்லையென்றால் மீட்டர் பக்கத்தில் உள்ளதை அடையுங்கள். கழிவறைத் தொட்டியை ஒருமுறை இழுத்து நீர் மட்டத்தைச் சற்றுக் குறையுங்கள். கை பொருந்தியிருக்கும் இடத்தில் ஒரு பிளவு ஊசி இருக்கும். குறடால் அதன் முனைகளை நேராக்கி உருவினால் கையும் பந்தும் வந்துவிடும். பிறகு வால்வின் மூடியைத் திருகிக் கழற்றித் தண்டை வெளியே தள்ளுங்கள். நுனியில் உள்ள பழைய வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்துங்கள். துவாரத்தை விரலால் தடவிப் பாருங்கள். மண் இருந்தால் துடையுங்கள். வெட்டுத் தட்டினால் வால்வை மாற்றிவிடுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய வரிசைக்கு எதிர் வரிசையில் பூட்டுங்கள்.

வால்வையே மாற்ற: தொட்டியின் வெளிப்புறத்தில் குழாயை இணைக்கும் மரையைக் கழற்றும்போது, உள்ளே இருக்கும் மரையை மற்றொரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் திருகினால் தொட்டியின் சுவர் கிழியும். அப்போது உண்மையாகவே தொட்டி மாற்றவேண்டி வரும். புது வால்வைத் துளையில் நுழைத்து, இரு பக்கமும் வாஷர் வைத்து மரையை இறுக்குங்கள். குழாய் மரையில் வெள்ளை டேப்பை, மரை இறுகும் திசையிலேயே ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். முதலில் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் சிறிது திருப்பினால் போதும். பிளாஸ்டிக் மரையைப் பலம் காட்டி இறுக்கினால் பிளந்துவிடும்.

கடைசியாக மட்டம் சரிசெய்யுங்கள். பித்தளைக் கையென்றால் மெல்லக் கீழ்நோக்கி வளையுங்கள். பிளாஸ்டிக் என்றால் திருகாணியைத் திருப்புங்கள். கூரைக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேயே தண்ணீர் நிற்கவேண்டும். வால்வின் வாயும் தண்ணீரில் மூழ்கக்கூடாது. ஊர்க்குழாயில் தண்ணீர் தடைப்படும்போது, மூழ்கிய வாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம்.

அன்றிரவும் மறுநாள் காலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொட்டு இல்லையென்றால் வேலை முடிந்தது.

பங்களா நீச்சல் குளத்திலும் இதே கதை

நம்மவர்களில் பலர் பெரிய வீடுகளில் தோட்ட வேலைக்கும் நீச்சல் குளம் சுத்தம் செய்யவும் போகிறார்கள். அக்குளங்கள் சிலவற்றின் ஓரத்தில் மூடி போட்ட ஒரு சிறு பெட்டி இருக்கும். அதற்குள் இருப்பதும் இதே மிதவை வால்வுதான். அது கசிந்தால் தண்ணீர் வழிகால் வழியே ஓடிவிடும். குளம் எப்போதும் நிறைந்தே இருப்பதால் யார் கண்ணுக்கும் தெரியாது. குளோரின் மட்டும் எவ்வளவு போட்டாலும் போதாமல் நீர்த்துக்கொண்டே போகும்.

குளமே ஒழுகினாலும் மிதவை அதை மறைத்துவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. மிதவைக்கு வரும் தண்ணீரை அடையுங்கள். ஒரு வாளியில் குளத்து நீரை எடுத்து, குளத்தின் படியில் வையுங்கள். வாளியின் உள்மட்டத்தையும் குளத்து மட்டத்தையும் குறியிட்டு, மழையில்லாத ஒரு நாள் முழுதும் விடுங்கள். இரண்டும் சமமாகக் குறைந்தால் வெயில் குடித்தது. குளம் அதிகமாகக் குறைந்தால் குளம் ஒழுகுகிறது. இதைச் செய்து காட்டும் வேலையாளுக்கு முதலாளியிடம் மதிப்புக் கூடும் என்பதில் சந்தேகமில்லை.

கொசுவை மறக்கவேண்டாம்

ஒழுகல் காசை மட்டும் தின்பதில்லை. சொட்டும் இடத்தில் ஒரு பழைய டயரோ பூச்சட்டித் தட்டோ கிடந்தால் ஏடிஸ் கொசுவுக்கு அது பிரசவ அறை. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். டிங்கிக் காய்ச்சல் நம் குடியிருப்புகளில் எத்தனை பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் அபராதம் விதிக்கலாம். ஆகவே மேலே ஏறும்போதே தொட்டியின் மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூரைக் குழாயின் வாயில் ஒரு துண்டு வலையைக் கட்டிவிடுங்கள். இன்னும் தோட்டத்திலே பீப்பாயில் தண்ணீர் பிடித்து வைப்பவர்கள், வாரம் ஒருமுறை பீப்பாயின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டைகள் சுவரில்தான் ஒட்டியிருக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையைச் செய்யும்போது பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரைப் படிக்கவும், போத்தல் நிறையும் நேரத்தைக் கணக்கிடவும், வாஷரைக் கழற்றிப் பூட்டவும் அவர்கள் கற்கட்டும். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாடு இதில் வேண்டாம். பள்ளியில் நாங்கள் கரும்பலகையில் எழுதும் நெம்புகோலும் கன அளவும், வீட்டுக் கூரைக்கு அடியில் இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், பிறகு அவர்கள் மறக்கவே மாட்டார்கள். இன்று மாலையே வீட்டைச் சுற்றி வந்து, அந்தச் சின்னக் குழாயை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.